நீராவியா, நீரா, பெட்டரியா: ஏறி இறங்கும் வேலையை யாருக்குக் கொடுப்பது?

2025 சித்திரைப் புத்தாண்டுக்கு, கூரையில் சோலர் பூட்டியிருந்தவர்களிடம் மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணி வரைக்கும் தயவுசெய்து அதை அணைத்து வையுங்கள் என்பதுதான் அது. 2022இல் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்த நாட்டில், கறண்ட் கூடிப்போய்விட்டது, குறையுங்கள் என்று கேட்டார்கள். தலவாக்கலையில் என் ரிப்பேர் கடைக்கு வந்த ஒருவர், போனில் வந்த அந்தச் செய்தியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இது மெய்தானா என்று என்னிடம் நீட்டினார்.

அந்த வாரம் பேராதனையில் பொறியியல் படிக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். "மாமா, ஹவாயில பூமிச் சூட்டுல ஓடுற பவர் ஸ்டேஷனையே தேவைக்கேத்த மாதிரி கூட்டிக் குறைச்சு ஓட்டுறாங்களாம். நம்மகிட்டயும் கன்னியாவுல வெந்நீர் ஊத்து இருக்குல்ல?" என்று ஆரம்பித்தான். மின்சாரத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் நாலு வழிகளை ஒப்பிட்டு, இலங்கைக்கு எது பொருந்தும் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "டேமுக்குப் பக்கத்துல உட்கார்ந்துகிட்டு வெந்நீரைத் தேடுறியாடா?" என்று கேட்டுவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தபோது அவன் கேள்வி லேசானதல்ல என்று பட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தீவு மின்வலையின் சங்கடம் என்னவென்று எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை, தேயிலை ஃபெக்டரியில்தான். இளம் வயதில் நான் வேலை செய்த தோட்டத்தில், ஓடைத் தண்ணீரில் சுழலும் பழைய சின்ன டர்பைன் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து மின்சாரம் நின்றால் அதை மட்டும் வைத்து ஓட்டுவோம். ஒரு நாள் கொழுந்து வாட்டும் விசிறிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டேன். விளக்குகள் மங்கின, டர்பைன் முக்கியது. வால்வை அவசரமாகத் திறந்தேன், இந்தத் தடவை வேகம் எகிறிவிட்டது. தனியாக நிற்கும் மின்வலையில் கை கொடுக்கப் பக்கத்து வீடு கிடையாது. உண்டாக்குவதும் செலவாவதும் ஒவ்வொரு நொடியும் சரிக்குச் சரி நிற்க வேண்டும். நின்றால் மீடிறன், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற அளவு, 50 ஹேர்ட்ஸில் இருக்கும், இல்லாவிட்டால் ஆடும்.

இலங்கை முழுவதும் அப்படி ஒரு பெரிய ஃபெக்டரிதான். இந்தியாவோடு மின்கம்பித் தொடர்பு கிடையாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் இருண்டதே, அது ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணிக்கு மேல். ஆலைகள் மூடியிருந்தன, தேவை குறைவு, வெயில் நன்றாக அடித்தது, சோலர் பங்கு கூடுதல். கனத்த இரும்போடு சுழல்வதால் சட்டென்று வேகம் மாறாத இயந்திரங்கள் வலையில் குறைவாக இருந்ததால், வழக்கமாகத் தாங்கக்கூடிய அதிர்ச்சியை அன்று தாங்க முடியவில்லை. நுரைச்சோலையின் மூன்று 300 மெகாவாட் நிலக்கரி இயந்திரங்களும் விழுந்தன. அடுத்தடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்தது.

ஆக, தேர்வு செய்ய வேண்டியது இது: பகலில் வெயில் மிஞ்சும்போது இறங்கி, மாலை ஆறரைக்கு மேல் வீட்டுக்கு வீடு விளக்கும் அடுப்பும் ஏறும்போது ஏறி, நடுவில் எதாவது பட்டென்று விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது?

பையன் ஆசைப்பட்ட பூமிச் சூட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஹவாயின் பெரிய தீவில் புனா என்ற இடத்தில் 1993 முதல் ஒரு புவிவெப்ப மின்நிலையம் இருக்கிறது. அந்தத் தீவின் உச்சத் தேவையே 200 மெகாவாட்டை எட்டாது. இலங்கையின் இரவு உச்சம் 2,500ஐத் தாண்டும், அப்படியென்றால் அது எவ்வளவு சின்ன வலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2012இல் 8 மெகாவாட் சேர்த்து அதை 38 மெகாவாட்டாக்கினார்கள். 22க்கும் 38க்கும் நடுவே, மின்வலையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே தானியங்கியாகக் கூட்டிக் குறைக்கும்படியும் செய்தார்கள். புவிவெப்பம் என்றால் இரவும் பகலும் ஒரே அளவில் ஓடுவது என்ற எண்ணத்தை உடைத்த நிலையம் அது. தலைவணங்க வேண்டிய வேலைதான்.

ஆனால் அந்த 16 மெகாவாட் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் கதை இருக்கிறது. பொதுவாக மூன்று வழிகள் உண்டு. பூமியிலிருந்து வரும் வெந்நீரால் பென்டேன் மாதிரி சீக்கிரம் கொதிக்கும் திரவத்தை ஆவியாக்கி டர்பைனை ஓட்டும் நிலையமாக இருந்தால், அந்த ஆவியை டர்பைனுக்குள் விடாமல் பக்கக் குழாய் வழியாகக் குளிர்விப்பானுக்கு அனுப்பிவிடலாம். கிணறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், டர்பைன் மட்டும் இறங்கும். வேகமான, பத்திரமான வழி. நேரடியாக நீராவியில் ஓடும் நிலையமாக இருந்தால், மிஞ்சிய நீராவியை வெளியே விட்டுவிடலாம். அதிலும் கிணற்றுக்குத் தொந்தரவு இல்லை, ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் கூடவே போகும். மூன்றாவது, கிணற்றின் வாயையே இறுக்குவது. கேட்க நல்லது, சிக்கனமும்கூட. ஆனால் உள்ளே அழுத்தம் மாறும், உப்பும் சிலிக்காவும் படியும். சூடாகிச் சூடாறி இரும்புக் குழாய் நீண்டு சுருங்க, அதைச் சுற்றிப் பூசிய சிமெந்து வெடிக்கும். கலிபோர்னியாவின் கீசர்ஸ் என்ற புவிவெப்ப வயலில் 1990களில் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கியபோது, இறுக்கிய கிணறுகளில் நீராவி குளிர்ந்து துளியாகி, அதில் இருந்த குளோரைடு அமிலமாகிக் குழாயைத் தின்ற அனுபவம் இருக்கிறது. சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் வீட்டுச் சட்டியே கீறல் விடும், அது மைல் ஆழத்துக் கிணறு.

முதல் இரண்டு வழிகளில் இயந்திரத்துக்குக் கேடில்லை, பணத்துக்குத்தான் கேடு. புவிவெப்பத்தில் செலவெல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கிணறு தோண்டியாயிற்று, நிலையம் கட்டியாயிற்று, எரிபொருள் என்று ஒன்றும் வாங்குவதில்லை. எனவே குறைத்து ஓட்டினால் ஒரு சதமும் மிச்சமாகாது. 16 மெகாவாட்டை எட்டு மணி நேரம் இறக்கி வைத்தால் 128,000 யூனிட் விற்காமல் போகும். டீசல் நிலையம் இறங்கினால் டீசல் மிச்சம். நீராவி இறங்கினால் ஒன்றுமில்லை. கிணற்றை இறுக்கினால் சூடு பூமிக்குள்ளேயே இருக்குமே என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. இருக்கும்தான், அந்தப் புவிவெப்ப வயலின் ஆயுளுக்கும் அது நல்லதுதான். ஆனால் அந்த மிச்சம் வருடக்கணக்கில் தெரியும். மதியம் விட்டுக்கொடுத்ததை அன்று மாலையே இரட்டிப்பாக எடுக்க முடியாது, டர்பைனின் அளவு 38தான்.

ஆகையால் இப்படி ஓட்ட வேண்டுமென்றால் ஒப்பந்தமும் மாற வேண்டும். விற்ற யூனிட்டுக்கு மட்டும் காசு என்றால் முதலாளி ஒரு நாளும் இறங்கச் சம்மதிக்க மாட்டார். ஆயத்தமாக நிற்பதற்கே ஒரு கட்டணம் வேண்டும். இதைப் பொறியியல் என்பதைவிடக் கணக்கு வழக்கு என்பதே பொருத்தம்.

அட்லாண்டிக் கடலில் போர்த்துக்கலுக்குச் சொந்தமான அசோரஸ் தீவுக்கூட்டத்தில் சாவ் மிகெல் என்ற தீவு இன்னொரு பாடம். அங்கே மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பூமிச் சூட்டிலிருந்து வருகிறது. நடு இரவில் தேவை விழும்போது, அசையாமல் ஓடும் புவிவெப்பமும் காற்றாலைகளும் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். நம்முடைய மதிய வேளைச் சண்டையை அவர்கள் இரவில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: புவிவெப்பத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. மழையையோ வெயிலையோ அது பார்ப்பதில்லை. அதன் டர்பைன் கனத்தோடு சுழல்கிறது, பெப்ரவரி 9 மாதிரியான நாளில் அந்தக் கனம் பெறுமதியானது. ஆனால் எரிமலையைப் பார்க்கும். 2018 மே மாதம் கீலவேயாவின் எரிமலைக் குழம்பு புனா நிலைய வளவுக்குள்ளேயே வந்து கிணறுகளை மூடியது. நிலையம் மீண்டும் மின்சாரம் கொடுக்க 2020 நவம்பர் ஆயிற்று.

இனி நம் வெந்நீர். திருகோணமலைக் கன்னியாவை எல்லோருக்கும் தெரியும். தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் வாளால் குத்திய ஏழு கிணறுகள். அங்கே ஊற்றுநீர் 40 பாகை செல்சியஸ் அளவு, இளஞ்சூட்டுக் குளியலுக்குச் சரி. அம்பாறைப் பக்கம் மகா ஓயா அதைவிடச் சூடு. தெற்கே மகாபெலெஸ்ஸ வரை இப்படிச் சில ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாமே கிழக்கு, தென்கிழக்குத் தாழ்நிலத்தில், இரண்டு பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கும் கோட்டை ஒட்டி. எரிமலை ஒன்றும் கிடையாது. ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் அங்கே சூடாகி வெடிப்பு வழியே மேலே வருகிறது.

74 பாகை நீரில் மின்சாரம் எடுக்கும் இடம் உலகில் இருக்கிறது: அலாஸ்காவில் சேனா. ஆனால் அங்கே மறுபக்கத்தில் குளிர்விக்க ஐஸ் மாதிரி தண்ணீர் கிடைக்கிறது. டர்பைனுக்குச் சூடு மட்டும் போதாது, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளிதான் சோறு. அம்பாறை வெயிலில் அந்தக் குளிர் எங்கே கிடைக்கும்? நுவரெலியாவின் குளிரையும் மகா ஓயாவின் வெந்நீரையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் கதை வேறு. படைத்தவன் நடுவில் மலையும் காடும் வைத்துவிட்டான். ஆழத்தில் தோண்டினால் இன்னும் சூடு கிடைக்கும் என்பது உண்மை. ஆராய்ச்சிக்கு ஒரு கிணறு தோண்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைய மாலை நேரத்துக்கு அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்கிறேன்.

இப்போது தண்ணீர். இதில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

ஆயிரம் லீற்றர் கறுப்பு டேங்க் ஒன்றைக் கூரையில் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு டேங்க் தண்ணீர் 450 மீற்றர் உயரம் விழுந்தால் ஏறக்குறைய ஒரு யூனிட். எங்கள் மலையில் அப்படிப்பட்ட உயரங்கள் கிடைக்கின்றன, மேல் கொத்மலையின் 150 மெகாவாட் அந்த உயரத்தில்தான் நிற்கிறது. வால்வைத் திறந்து சில நிமிடங்களில் முழு அளவுக்கு ஏறும், மூடினால் இறங்கும். முக்கியமானது இது: மூடினால் அந்தத் தண்ணீர் போய்விடுவதில்லை. மேலே அணைக்குள் கிடக்கும். புனாவில் எட்டு மணி நேரம் இறங்கி நின்றால் இழக்கும் 128,000 யூனிட்டை, இங்கே அதே நேரம் இறங்கி நின்றால் மாலையில் எடுக்கலாம். விக்டோரியா, கொத்மலை போன்ற நிலையங்கள்தான் பல வருடமாக மீடிறனைப் பிடித்து நிற்கின்றன. நாடு முழுக்க இருண்டால் வெளி மின்சாரம் இல்லாமலே முதலில் எழும்புபவையும் மலையின் நீர்மின் நிலையங்களே.

மஸ்கெலியாப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய ஊரின் கோயில் தலைகாட்டும், சனம் பார்க்கப் போகும். நாட்டின் பெட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் அது.

அப்படியென்றால் கேள்வி முடிந்ததா? இல்லை. தண்ணீரும் எப்போதும் சொன்னபடி கேட்காது. தென்மேற்குப் பருவம் கொட்டும் ஜூன், ஜூலையில் மேல் கொத்மலையின் சின்னக் குளம் நிரம்பி வழியும். அப்போது இயந்திரத்தை இறக்கினால் தண்ணீர் கதவு வழியாகச் சும்மா போகும். அந்த நாட்களில் எங்கள் தண்ணீரும் புனாவின் நீராவியும் ஒரே சாதி. சேர்த்து வைக்க இடம் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம், நீரா நீராவியா என்பதல்ல. காசல்ரீ, மவுசாக்கலை, விக்டோரியா போன்ற பெரிய தேக்கங்களுக்கு அந்த இடம் இருக்கிறது. மகாவலியின் தேக்கங்களுக்கோ இன்னொரு எசமான் உண்டு: கீழே வயலுக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்பதை மின்சாரம் தீர்மானிப்பதில்லை. மேல் கொத்மலைக்குத் தண்ணீர் எடுப்பதால் வற்றக்கூடிய சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், அந்த அருவி போய்விடுமே என்று அன்று இங்கே போராட்டமே நடந்தது. அப்புறம் இயந்திரத்தின் குணம்: மேல் கொத்மலை, விக்டோரியாவில் இருக்கும் பிரான்சிஸ் வகை டர்பைன்கள் அரைகுறை அளவில் ஓடும்போது சுழிநீரால் அதிரும். ஆகையால் நினைத்த அளவில் எல்லாம் நிறுத்தி வைக்க முடியாது, அந்த அதிரும் பகுதியைத் தாண்டித்தான் நிற்க வேண்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. விக்டோரியாவில் இப்போது 210 மெகாவாட். அணை கட்டும்போதே பிற்காலத்தில் இன்னொரு நிலையம் வைப்பதற்கான நீர் வாசலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். 2009இல் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா செய்த ஆய்வு 228 மெகாவாட் சேர்க்கலாம் என்றது. வருடத்துக்கு உண்டாகும் யூனிட் பெரிதாகக் கூடாது, தண்ணீர் அதேதானே. ஆனால் பகல் முழுக்கச் சிறுகச் சிறுக விடுவதை மாலை மூன்று மணி நேரத்தில் இரட்டிப்பாக விடலாம். புதிய அணை வேண்டாம், ஊர் ஒன்றும் தண்ணீருக்குள் போகாது. அன்று கணக்குப் பார்த்தவர்கள் யூனிட் கூடவில்லையே என்று யோசித்திருக்கலாம். கூரைச் சோலர் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்ட இன்று கணக்கே வேறு.

மூன்றாவது வழி, மிஞ்சும் வெயில் மின்சாரத்தால் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றி, மாலையில் விடுவது. அரநாயக்க, நாவலப்பிட்டிப் பக்கத்தில் 600 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம் பேசப்படுகிறது. அதன் பெயரும் மகா ஓயாதான். வெந்நீர் ஊற்றிருக்கும் மகா ஓயா வேறு, இது வேறு. பையன் இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெந்நீரையா மேலே ஏற்றப் போகிறார்கள் என்று கேட்டான். நாலு யூனிட் கொடுத்தால் மூன்று, கொஞ்சம் கூடினால் மூன்றேகால் திரும்பக் கிடைக்கும். அணைக்கச் சொல்கிற சோலரிலிருந்து அந்த நாலு வருமென்றால் நட்டம் என்று சொல்ல மாட்டேன். அளவிலும் ஆயுளிலும் இதற்கு ஈடில்லை.

என் தயக்கம் பாறையைப் பற்றியது. 2014 டிசம்பரில் உமா ஓயா சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 120 மெகாவாட் நிலையம் திறக்க 2024 ஆயிற்று. அரநாயக்க 2016 மே மாதத்தில் ஒரு மலையே சரிந்து கிராமங்களை மூடிய பிரதேசம். கட்டக் கூடாது என்பதல்ல. ஆனால் துளை போட்டுப் பார்க்கும் ஆய்வில் கஞ்சத்தனம் காட்டினால் அதன் விலையை மலையில் இருப்பவர்கள்தான் கொடுப்பார்கள். மேல் கொத்மலைக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. எங்கள் கடை வீதியிலேயே அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டரியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நொடிக்கும் குறைவான நேரத்தில் பதில் சொல்லும், இரண்டு வருடத்துக்குள் வைத்து முடிக்கலாம், நீர்வீழ்ச்சியும் வேண்டாம் மலையும் வேண்டாம். பத்து யூனிட் போட்டால் எட்டரைக்கு மேல் திரும்பும். இரண்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் விலை எகிறும், பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டியும் வரும். சாதாரண இன்வெர்ட்டரோடு வாங்கினால் வலை விழும்போது அதுவும் சேர்ந்து விழும். வலையைத் தானே தூக்கிப் பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். விலைமனு கேட்கும்போதே அதை எழுதாவிட்டால் மலிவானதுதான் வந்து சேரும்.

நான் பையனுக்குக் கொடுத்த வரிசை இது. இப்போதே செய்ய வேண்டியது பெட்டரி, அதுவும் நொடிகளையும் முதல் ஒரு மணி நேரத்தையும் தாங்கும் அளவுக்கு. பிரேக் போடுவது அது, வண்டி ஓட்டுவது வேறு. கூடவே விக்டோரியாவின் இரண்டாவது நிலையம், அதோடு நீர் நிலையங்களுக்கு யூனிட்டை மட்டும் எண்ணாமல், ஆயத்தமாக நிற்பதற்கும் மதிப்புப் போடும் முறை. அதற்குள் அரநாயக்கவில் பாறையை ஒழுங்காகப் பார்த்து முடிக்கட்டும். பாறை சரியென்றால் அது அடுத்தது. வெந்நீர் கடைசி. என்றைக்காவது ஆழத்தில் நல்ல சூடு கிடைத்தாலும், அதை ஒரே அளவில் ஓடவிட்டு, ஏறி இறங்கும் வேலையைத் தண்ணீரிடமே விடுவேன். புனாக்காரர்கள் நீராவியை ஏற்றி இறக்கியதற்குக் காரணம், அவர்களுக்கு விக்டோரியா போல ஒரு தேக்கம் இல்லை என்பதுதான்.

பையனுக்கு முழுச் சம்மதமில்லை. "மாமா, ரெண்டு வருஷம் மழை பொய்ச்சா உங்க வரிசை என்னாகும்?" என்றான். உண்மைதான். வறண்ட வருடத்தில் தேக்கத்தில் இருப்பதை மாலைக்கு வைப்பதா, வயலுக்கு விடுவதா என்ற சண்டை வரும், விக்டோரியாவில் எத்தனை இயந்திரம் கூட்டினாலும் தண்ணீர் கூடாது. மேலே ஏற்றி இறக்கும் திட்டத்துக்கு அந்தக் கவலை குறைவு, அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். எனவே இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றன் பின் ஒன்றாகச் செய்யாமல், ஒரே நேரத்தில் ஆரம்பிக்கலாம் என்று அவன் தன் கட்டுரையில் மாற்றி எழுதிக்கொண்டான். நானும் அதில் கை வைக்கவில்லை.